ரெண்டாம் நம்பர் சட்டை

போன மாதம் எங்கள் பழைய ரக்பி டீம் ஆட்களின் போன் குரூப்பில் மறுபடியும் அந்தச் சண்டை ஆரம்பித்தது. நம் டீமில் ஆடியவர்களிலேயே சிறந்த ஹூக்கர் யார்? செல்வராஜா, யூசுபா? எல்லாரும் அறுபதை நெருங்குகிறவர்கள். பாதிப் பேருக்கு முழங்கால் மடங்காது. ஆனாலும் ரெண்டு நாள் விடாமல் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தர், "ரத்னம் அண்ணாவைக் கேளுங்கப்பா. கோட்டுக்கு ரெண்டடி தள்ளி உக்காந்து எல்லா மேட்சும் பாத்தவரு அவருதான்" என்று எழுதினார்.

நான் பதில் போடவில்லை. ரெண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். சொந்த இடம் நீலசந்திரா. தொண்ணூற்றொன்றில், காவிரிக் கலவரத்துக்குச் சில மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்பு ஒரு ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் உதவியாளனாக நாலு வருடம் இருந்தேன். முதலுதவி சர்ட்டிபிகேட் ஒன்று கையில் இருந்தது. என் படிப்பு அவ்வளவுதான். பிரஸ் ஷாப்பில் விரல் நசுங்கி வருகிறவர்கள், கண்ணில் இரும்புத் தூள் விழுந்து வருகிறவர்கள் என்று தினம் பார்த்ததில் ரத்தம் எனக்குப் பழகிவிட்டது. ரக்பி வந்த பிறகுதான் எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

அதைக் கொண்டுவந்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த பர்சனல் மேனேஜர். அவர் காலேஜில் ஆடியவராம். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த செம்மண் மைதானத்தில் கம்பம் நட்டார். வெல்டிங் ஷாப், பேக்கிங், டூல் ரூம் என்று எல்லா இடத்திலிருந்தும் தோள் அகலமாக இருந்தவர்களைப் பொறுக்கி எடுத்தார். தமிழ், கன்னடம், உருது எல்லாம் கலந்து ஒரு டீம் உருவானது.

இந்த ஆட்டத்தில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குனிந்து, எதிரணியின் எட்டு பேரோடு முட்டித் தள்ளுவார்கள். நடுவே பந்தை உருட்டிவிடுவார்கள். அதைக் காலால் பின்பக்கம் இழுத்துவிடுகிறவர்தான் ஹூக்கர். முன்வரிசையில் நட்ட நடுவில் நிற்கிறவர். சட்டை நம்பர் ரெண்டு. அவருடைய ரெண்டு கையும் பக்கத்தில் இருக்கிற ரெண்டு பேரின் தோள்மேல் இருக்கும். ஸ்க்ரம் சரிந்தால் மற்றவர்கள் கையை ஊன்றலாம். ஹூக்கர் எதை ஊன்றுவார்? தலைதான் முதலில் தரைக்குப் போகும். அதன்மேல் மற்றப் பதினைந்து பேருடைய எடையும் வந்து அழுத்தும்.

இது எனக்குப் புரிந்த நாளிலிருந்து நான் பந்தைப் பார்த்ததே இல்லை. ஸ்க்ரம் என்று ரெப்ரீ கையைத் தூக்கினால் என் கண் ரெண்டாம் நம்பர் சட்டைக் காலருக்கு மேலே போய் நின்றுவிடும். பந்து யார் பக்கம் வந்தது என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

எங்கள் தொழிற்சாலை டாக்டர் பிரபாகர் ராவ். தும்கூர்க்காரர். என்னோடு தமிழில்தான் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து விழும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பதுபோல் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் துடைப்பார். ரொம்ப நேரம் துடைத்தால் ரொம்பக் கோபம் என்று அர்த்தம். மைதானத்தில் ஆள் விழுந்தால் அவர் ஓட மாட்டார், நடந்துதான் போவார். "நான் ஓடினா விழுந்தவன் பயந்து தலையைத் தூக்குவான் ரத்னம். தூக்கக் கூடாது."

கழுத்துக்கு அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் விழுந்தவரிடம் பேச வேண்டும், தொடக் கூடாது. யாரையும் இழுக்க விடக் கூடாது. தலைக்குப் பின்னால் மண்டியிட்டு, முழங்கையைத் தன் தொடைமேல் ஊன்றி, ரெண்டு காதுக்கும் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையை இருக்கிற நிலையிலேயே பிடிக்க வேண்டும். பேர் கேட்க வேண்டும். கால் விரலை ஆட்டச் சொல்ல வேண்டும். அப்புறம் பலகை, ஆம்புலன்ஸ். பிடித்த கையை ஆஸ்பத்திரியில் வேறொருவர் வாங்கிக்கொள்கிற வரை எடுக்கக் கூடாது. சிமெண்ட் மூட்டையைப் படுக்கவைத்து என்னை முப்பது தடவையாவது செய்யவைத்திருப்பார்.

சண்டைக்கு வருகிறேன். செல்வராஜ் பொம்மனஹள்ளியில் குடியிருந்த பிட்டர். ஒல்லி, ஆனால் கழுத்து மட்டும் தூண் மாதிரி. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிகிற வேலையும் ஹூக்கருக்குத்தான். செல்வராஜ் எறிந்தால் குதித்து நிற்கிறவரின் உள்ளங்கையில் போய் உட்காரும். யூசுப் பேக்கிங் செக்‌ஷன். நீலசந்திராவில் என் தெருவேதான், நாலு வீடு தள்ளி. அவருக்குக் கால். ஸ்க்ரம்மில் எதிரணியின் பந்தையே திருடிவிடுவார். 

"கை வேணுமா, கால் வேணுமா, அதச் சொல்லு மொதல்ல" என்று கேன்டீனில் ஒருவர் ஆரம்பித்தால் சாம்பார் ஆறுகிற வரை போகும்.

"ஸ்க்ரம் ஜெயிக்காம நீ எங்கேர்ந்துடா பந்து எறிவே?"

"எறிஞ்ச பந்து போற எடம் தெரியலன்னா ஸ்க்ரம் ஜெயிச்சு என்னா பிரயோஜனம்?"

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்தச் சண்டைக்குள் ரெண்டு குடும்பம் இருந்தது. ரெண்டு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். விளையாட்டு கோட்டாவில் ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் வந்திருந்தது. கல்கத்தா டோர்னமென்ட்டுக்கு ரெண்டாம் நம்பர் சட்டை யாருக்குக் கிடைக்கிறதோ, அந்த இடமும் அவருக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் செல்வராஜ் என் அறைக்கு வந்தார், கட்டைவிரலில் சின்ன வெட்டுக்குப் பிளாஸ்டர் போட. தண்ணீர் டம்ளரைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினார். டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் நழுவியது.

"எத்தனை நாளா?" என்றேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "ஸ்க்ரம்ல முட்டினா கரண்ட் அடிச்ச மாதிரி கை முழுக்க ஓடுதுண்ணா. முன்னே ஒரு நிமிஷத்துல போயிடும். இப்ப போக மாட்டேங்குது. ரெஜிஸ்டர்ல எழுதாதீங்க. மூணே வாரம். ரெண்டு பொண்ணு இருக்குது எனக்கு."

நான் எழுதவில்லை. மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் பயிற்சியில் ஸ்க்ரம் முட்டுகிற சத்தம் என் அறைக்குக் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து ஜன்னலுக்குப் போவேன். அவர் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். நான்காம் நாள் ரெஜிஸ்டரில் எழுதி, டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே, "மூணு நாள்" என்றார்.

தேர்வுக் கூட்டம் மேனேஜர் அறையில் நடந்தது. மேனேஜர், கேப்டன், டாக்டர், ரெஜிஸ்டரோடு நான். கேப்டன் கையா காலா என்று ஆரம்பித்ததும் டாக்டர் அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். "இதுக்கு மேலே டிபேட் இல்ல. செல்வராஜ் அன்பிட்." அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். செல்வராஜின் கான்ட்ராக்ட் முடிந்ததும் அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்று மேனேஜர் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். கை சரியில்லாத பிட்டரை வைத்து என்ன செய்வது என்றார்.

மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. ரத்னம் தன் தெருக்காரனுக்கு சட்டை வாங்கிக் கொடுக்கத்தான் செல்வராஜை மாட்டிவிட்டான். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பெஞ்ச் காலியாகும். செல்வராஜ் எதிரே வந்தால் இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வார். யூசுப் மட்டும் தெருவில் பார்த்தால், "நீங்க சரியாத்தான் செஞ்சீங்கண்ணா" என்பார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

கல்கத்தா கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் மைதானத்தில் வெளி டீம் ஒன்றோடு பயிற்சி மேட்ச். டாக்டர் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான். ரெண்டாவது பாதியில் எங்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்க்ரம். முட்டினார்கள். சத்தம் வழக்கம்போல்தான் வந்தது. அதற்குள் ஒரு சின்னச் சத்தம், ஈர விறகு ஒடிவதுபோல. மற்றவர்கள் யாரும் கேட்டதாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன்.

ஸ்க்ரம் அப்படியே மடிந்து உட்கார்ந்தது. பின்வரிசைக்காரர்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். முன்வரிசையில் ரெண்டு பேர் எழுந்தார்கள். நடுவில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை.

என் கால் ஓடப் பார்த்தது. நடந்தேன். பத்தடிதான் இருக்கும், அவ்வளவு நீளமான பத்தடியை நான் நடந்ததில்லை. கேப்டன் குனிந்து யூசுபின் கையைப் பிடித்துத் தூக்கப் போனார். "தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் மைதானமே நின்றது.

யூசுப் ஒருக்களித்துக் கிடந்தார். கன்னம் மண்ணில். கண் திறந்திருந்தது. மண்டியிட்டுத் தலையைப் பிடித்தேன்.

"யூசுப், நான் ரத்னம். பேரு சொல்லு."

"யூசுப்" என்றார். "ணா, என் கால் எங்க இருக்கு?"

"இங்கதான் இருக்கு. விரலை ஆட்டு."

"ஆட்டறேன்."

பூட்ஸைக் கழற்றச் சொல்லியிருந்தேன். பத்து விரலும் என் கண் முன்னால் இருந்தன. ஒன்றும் அசையவில்லை.

"ஆடுதாண்ணா?"

நான் என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. ஆடுகிறது என்று சொல்லிவிட்டேனோ என்ற பயம் எனக்கு உண்டு. 

ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண ஒருவர் ஓடினார். ஓசூர் ரோட்டில் எங்கேயோ லாரி கவிழ்ந்திருந்தது. வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நல்ல வெயில். ஆட்கள் சுற்றி நின்று நிழல் போட்டார்கள். என் விரல்கள் முதலில் வலித்தன, அப்புறம் மரத்துப்போயின. மரத்த விரலால் சரியாகத்தான் பிடித்திருக்கிறேனா, அமுக்குகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தும்மல் வந்தால்? முழங்கால் வழுக்கினால்? அவர் தொண்டை மேலும் கீழும் போவதை எண்ணிக்கொண்டே இருந்தேன். மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் நானும் மூச்சை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"எறும்புண்ணா" என்றார் யூசுப். "மூஞ்சில."

கண்ணோரத்துக்கு ஒரு கட்டெறும்பு ஏறிக்கொண்டிருந்தது. என் ரெண்டு கையும் அவர் தலையில். யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு கை நீண்டு வந்து எறும்பை மெதுவாக எடுத்துப் போட்டது. செல்வராஜ். மேட்ச் பார்க்க வந்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நான் இருக்கேன்டா, பேசிக்கினே இரு" என்றார். பலகையில் புரட்டும்போது நான் எண்ணச் சொன்ன மூன்று எண்ணிக்கைக்கு இடுப்பைப் பிடித்தவரும் அவர்தான். ஆம்புலன்ஸில் கடைசி வரை கூடவே வந்தார். 

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் கைக்கு மேல் கையை வைத்து, "நான் பிடிச்சிட்டேன், விடுங்க" என்றார். விட முடியவில்லை. விரல் மடங்கியபடியே இருந்தது. அவர்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

கழுத்து எலும்பு ஒன்று நகர்ந்திருந்தது. மண்டையில் இரும்பு மாட்டி எடை தொங்கவிட்டார்கள், பிறகு ஆபரேஷன். நான் தினம் ஷிப்ட் முடிந்து போவேன். வார்டு வாசல் வரை போவேன், உள்ளே போகக் கால் வராது. யூசுபின் மனைவி மும்தாஜ் வெளியே பெஞ்சில் இருப்பார். "கால்ல ஏதாவது தெரியுதாம்மா?" என்று கேட்பேன். "இல்லண்ணா" என்பார். ஆறு நாள் அப்படி. ஏழாம் நாள் அவரே ஓடிவந்தார். வலது கால் கட்டைவிரல் அசைந்ததாம். அன்றைக்குத்தான் உள்ளே போனேன்.

யூசுப் மேலே பார்த்தபடி படுத்திருந்தார். கண்ணைத் திருப்பாமல் சொன்னார்.

"எனக்கும் கரண்ட் அடிச்சுதுண்ணா. செல்வாவுக்கு முன்னாலேர்ந்தே. ரெண்டு கையிலயும்."

"ஏன் சொல்லல?" என்றேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். செல்வா பேரை எழுதினீங்க. அவனுக்கு என்னா ஆச்சுன்னு பாத்தேன்."

பஸ்ஸில் ஏறாமல் அன்று நீலசந்திரா வரை நடந்தே போனேன். எழுதாமல் இருந்தால் ஒருவன் கழுத்து; எழுதியதால் இன்னொருவன் கழுத்து. இனி மைதானத்துக்குப் போகவே கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு, மறுநாள் டாக்டரிடம் போய், பிரஸ் ஷாப் பக்கம் என்னை மாற்றிவிடச் சொன்னேன். யூசுப் சொன்னதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் துடைத்து நான் பார்த்ததில்லை. "நீங்க எழுதினது சரி" என்றார். "எழுதினப்புறம் அவன் வேலை போகும்னா, எவன் வந்து சொல்வான்? அது என் தப்பு. நான் அன்பிட்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன்."

நேராக மேனேஜர் அறைக்குப் போனார், என்னையும் அழைத்துக்கொண்டு. அடிபட்டதைத் தானே வந்து சொல்கிறவனுக்கு வேலை போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். அது வரை ஒரு பிளேயருக்கும் பிட்னெஸ் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மேனேஜர் முதலில் சிரித்தார், அப்புறம் கத்தினார். டாக்டர் அசையாமல் நின்றார். டீம் கல்கத்தாவுக்குப் போகவில்லை. அந்த சீசன் முழுக்க எங்கேயும் போகவில்லை. இன்னொரு டாக்டரைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எனக்கும் சீட்டுக் கிழியும் என்றார்கள். தபால்காரர் வந்தாலே வாசலுக்கு ஓடுவேன்.

ஆறு மாதத்தில் மேனேஜர் இறங்கிவந்தார், நோட்டீஸ் ஒட்டப்பட்டது. செல்வராஜை டூல் ரூமில் பெர்மனென்ட் ஆக்கினார்கள். கை மெதுவாகச் சரியானது. யூசுபுக்கு ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. இடது காலை இழுத்து நடப்பார், இடது கையால் பட்டன் போட முடியாது. ஆனால் நடந்தார்.

குரூப்பில் சண்டை போடுகிறவர்கள் இந்த ரெண்டு பேரோடு நின்றுவிடுகிறார்கள். என் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு. லோகேஷ். ஹாசன்காரர். யூசுபுக்குப் பிறகு அந்தச் சட்டையைப் போட்டவர், மொத்தம் ஆறு மேட்ச் ஆடியிருப்பார். கையும் சுமார், காலும் சுமார். கேன்டீனில் அவருக்காக யாரும் வாதாடியதில்லை.

நோட்டீஸ் ஒட்டி ஏழெட்டு மாதம் ஆகியும் ரெஜிஸ்டரில் கழுத்து என்று ஒரு வரி ஏறவில்லை. கணுக்கால் சுளுக்கு, மூக்கில் ரத்தம், அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றுமில்லையா, அல்லது யாரும் சொல்லவில்லையா? எனக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது. ஒவ்வொரு ஸ்க்ரம்முக்கும் அந்த விறகு ஒடிகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஊர் டோர்னமென்ட் பைனலுக்கு முந்தின நாள் காலை லோகேஷ் என் கதவருகே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டு கையும் ஜும்முன்னு இருக்குண்ணா. மூணு நாளாச்சு. எழுதிக்கோங்க."

ஸ்டூலில் உட்காரவைத்தேன். பேனாவைத் திறந்தேன்.

"நாளைக்கு மேட்ச் போச்சு இல்லண்ணா?"

"போச்சு."

"வேலை?"

"அது போகாது. நோட்டீஸ் பாக்கலையா நீ?"

"எல்லாரும் பாத்தோம். நெஜமா பொய்யான்னுதான் யாருக்கும் தெரியல. யாராவது ஒருத்தன் வந்து பாத்தாத்தானே தெரியும்" என்றார் லோகேஷ்.

எழுதினேன். மறுநாள் பழக்கமில்லாத ஆள் ஒருவரை முன்வரிசையில் போட விட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஸ்க்ரம்மில் ரெண்டு பக்கமும் தள்ளக் கூடாது என்று வைத்து ஆடினார்கள். படுதோல்வி. மேனேஜர் பாதியிலேயே காரில் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போனேன். டைம் ஆபீஸ் வாசலில் வருகைக் கார்டு அலமாரி. ஒருவருக்கு வேலை போனால் முதலில் அவருடைய கார்டைத்தான் அங்கேயிருந்து எடுத்துவிடுவார்கள். எனக்கு முன்பே டீம் ஆட்கள் நாலைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள், ஒருவரோடொருவர் பேசாமல். லோகேஷ் கார்டு அதன் இடத்தில் இருந்தது. கேப்டன் அதை வெளியே எடுத்து, பெயரைப் படித்து, திருப்பி உள்ளே வைத்தார்.

நான் அறையைத் திறந்து விளக்கைப் போட்டேன். பின்னாலேயே கேப்டன் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர்.

"ஒரு வருஷமா கழுத்து திரும்ப மாட்டேங்குதுண்ணா" என்றார் கேப்டன். சொல்லிவிட்டு, இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.